மலைநாட்டின் உல்லாசப் பிரதேசங்கள்

சித்திரை மாதம் பிறந்து, கொழும்பிலே கடற்காற்றும் அனலாகி, வடபகுதியிலே கிணறுகளின் நீர்மட்டம் தாழும் காலத்தில், இலங்கை மக்களின் எண்ணம் மலைநாட்டை நோக்கித் திரும்புவது நெடுநாளைய வழக்கம். பாடசாலை விடுமுறையும் புத்தாண்டும் ஒருங்கே வருகின்ற அந்நாள்களில் நுவரெலியா நகரத்து வீதிகளிலே வாகனங்கள் வரிசையிட்டு நிற்கும். விடுதிகளில் அறை கிடைப்பது அரிதாகும். ஒரே வாரத்தில் எல்லோரும் ஒரே ஊருக்குச் சென்று, ஒரே ஏரியைச் சுற்றி, ஒரே பூங்காவைக் கண்டு திரும்புகின்றனர். மலைநாட்டைப் பார்த்துவிட்டோம் என்றும் சொல்லிக்கொள்கின்றனர்.

உண்மையிலோ மலைநாடு ஒரே ஊரன்று. அட்டன், மஸ்கெலியாப் பகுதி ஒன்று. தலவாக்கலையைச் சூழ்ந்த டிம்புளைப் பகுதி மற்றொன்று. நுவரெலியா நகரமும் அதன் சுற்றுப்புறமும் வேறொன்று. அவற்றுக்கு மேலே, மேகங்களோடு உறவாடும் ஹோட்டன் சமவெளி இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி உயரமும் தனி மழையும் தனிப் பருவமும் உண்டு. எங்கே, எப்போது செல்வது என்பதை அறிந்தவர் பயணத்தின் பாதிப் பயனை வீட்டிலிருந்தே பெற்றுவிடுகிறார். அப்பிரதேசங்கள் இன்றைய வடிவத்தை எவ்வாறு அடைந்தன என்பதையும் அறிந்தவர் மறுபாதியையும் பெறுகிறார்.

முதலாவதாக, காற்றைப் பற்றி அறிதல் வேண்டும். இலங்கையின் நடுவே எழுந்து நிற்கும் மலைத்தொகுதி இரு பருவக் காற்றுகளுக்கும் குறுக்கே கிடக்கும் மதிலைப் போன்றது. மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அட்டன், மஸ்கெலியா, டிம்புளை முதலிய மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து ஊவாப் பக்கம் செல்லும்போது அதே காற்று ஈரமிழந்து வறண்டுவிடுகிறது. டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றின்போது நிலைமை மாறுகிறது. கிழக்குப் பக்கம் நனைய, மேற்குச் சரிவுகள் உலர்கின்றன. பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள புகையிரதச் சுரங்கத்துள் மழையில் நனைந்தபடி நுழையும் வண்டி, மறுவாயிலில் வெயிலில் வெளிப்படுவதைப் பயணிகள் பலர் கண்டு வியந்திருக்கின்றனர். அந்தச் சிறு சுரங்கம் இரு வானிலைகளுக்கு நடுவேயுள்ள வாயிலாகும்.

ஆதலால் மேற்குச் சரிவுகளுக்குச் செல்ல உகந்த காலம் ஜனவரி தொடக்கம் மார்ச் வரையிலான மூன்று மாதங்களே. இரவில் குளிரும் பகலில் வறண்ட காற்றும் நிலவும் அந்நாள்களில் தேயிலைச் செடி மெதுவாகவே துளிர்க்கிறது. கொழுந்து குறைவு, ஆனால் அதில் திரளும் மணம் மிகுதி. டிம்புளை, நுவரெலியாத் தேயிலைகள் ஆண்டின் மிகச் சிறந்த தரத்தை எய்துவது அப்போதுதான். சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் செல்லும் காலமும் அதுவே. மாசி மாதத்தில் தோட்டங்கள்தோறும் காமன் கூத்து நடைபெறுவதும் அந்நாள்களிலேயே. தேயிலையின் மணத்தையும் யாத்திரிகரின் பாதையையும் கூத்தின் இரவுகளையும் ஒரே வறண்ட காற்றுத்தான் ஒழுங்குசெய்கிறது எனலாம்.

மலைநாட்டுக்குச் செல்லும் வழிகளில் இனியது புகையிரதப் பாதை. கண்டிச் சீமையின் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்கென அரசாங்கம் தொடங்கிய இப்பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. மலையை முற்றாகக் கடந்து பதுளையை அடைய 1924 வரை சென்றது. பாதை மேலேறிக்கொண்டிருந்த காலத்திலேயே கோப்பி அழிந்துபோனமையால், கோப்பிக்காகத் திட்டமிட்ட பாதையைத் தேயிலையே வாழவைத்தது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமுடைய சிங்கமலைச் சுரங்கத்தைக் கடக்கும்போதும், பட்டிப்பொலையில் 1,891 மீற்றர் உயரத்திலுள்ள நிலையத்தை அடையும்போதும், மண்வெட்டியையும் வெடிமருந்தையும் கொண்டு இப்பாதையை அமைத்தோரின் உழைப்பு எத்தகையது என்பது தானே விளங்கும்.

மலைப்பாதை என்றும் மழைக்குப் பணிந்ததே. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின் பெருமழையால் மலைநாடெங்கும் மண்சரிவுகள் நேர்ந்தன. நாடளவில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. ஆகவே, புறப்படுமுன் பாதையின் நிலையை விசாரித்தறிந்துகொள்வது பயணியின் முதற் கடமையாகும்.

அட்டன் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ளது. ஸ்கொத்லாந்திலிருந்து வந்த துரைமார் தம் ஊர்ப் பெயர்களையெல்லாம் இம்மலைகளுக்கு இட்டனர். அட்டன் என்பதும் அவ்வாறு வந்த பெயரே. தோட்டத்து மக்களோ பல தோட்டங்களுக்குத் தமிழிலே தமக்கென வேறு பெயர்களை இட்டு வழங்கினர். வரைபடத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் மற்றொரு பெயருமாக, ஒரே மலைக்கு இரு பெயர்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன. வழி கேட்கும் பயணி இரண்டையும் அறிந்திருப்பது நன்று.

அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம் சென்றால் நல்லதண்ணியை அடையலாம். 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் அடிவாரம் அதுவே. உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையதென்றும், பௌத்தர் புத்தபெருமானுடையதென்றும், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதித் தந்தையாகிய ஆதமுடையதென்றும் போற்றுகின்றனர். 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இம்மலையில் ஏறினார். டிசெம்பர் மாதப் பௌர்ணமி தொடக்கம் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலமாகும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இரவெல்லாம் ஏறி விடியற்காலையில் உச்சியை அடைவோர், உதிக்கும் சூரியனையும், அதற்கு எதிர்ப்புறத்தில் முக்கோண வடிவாய் மேகங்களின்மீது விழும் மலையின் நிழலையும் ஒருங்கே காண்பர். மழைக்காலத்தில் பாதையில் விளக்கும் கடையும் இரா. அப்போது ஏறுவது ஆபத்துக்குரியது.

அடிவாரத்துக்குச் செல்லும் வழியில் காணும் இரு பெரிய நீர்நிலைகள் இயற்கை ஏரிகளல்ல. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும் மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இலும் நிறைவுற்றன. களனி கங்கையின் தலையாறுகளை மறித்து மின்சாரம் ஆக்கலாம் என்ற எண்ணத்தை 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. அவருடைய கனவு 1950இல் லக்சபானை மின்நிலையத்தில் நனவாயிற்று. மவுசாக்கலை நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. மக்கள் மேட்டில் புதிய நகரை அமைத்துக் குடியேறினர். கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் சுவர்களும் மீண்டும் தலைகாட்டுகின்றன. அந்நாள்களில் முதியோர் பலர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கடைவீதி இருந்த இடத்தைக் காட்டுவர்.

அட்டனுக்குத் தென்கிழக்கே டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவராகிய யூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் 1879இல் டிக்கோயாவிலே காலமாகி, பொகவந்தலாவையிலுள்ள மரியன்னை தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உலகின் அருங்காட்சியகங்கள் போற்றும் படங்களை ஆக்கியவரின் கல்லறை தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருப்பது பலருக்குத் தெரியாது.

அட்டனிலிருந்து நுவரெலியாவை நோக்கிச் செல்லும்போது டிம்புளைப் பகுதி தொடங்குகிறது. 97 மீற்றர் உயரமுள்ள டெவோன் நீர்வீழ்ச்சியும், அகன்று விழும் சென்கிளயர் நீர்வீழ்ச்சியும் வீதியிலிருந்தே தென்படும். 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் சென்கிளயரின் நீர் குறைந்துவிட்டது. நாட்டுக்கு ஒளி வேண்டுமாயின் அருவி ஏதோ ஒன்றை இழக்கத்தான் வேண்டும் போலும். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தோன்றிய நிறுவனம். இலங்கைத் தேயிலை பற்றிய அறிவின் பெரும்பகுதி அங்கே வளர்ந்தது.

இப்பகுதியின் தோட்டங்கள் பலவற்றில் பயணிகள் தொழிற்சாலையைப் பார்வையிடலாம். தொழிற்சாலைகள் பல மாடிகளுடனும் வரிசை வரிசையான சாளரங்களுடனும் அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. பறித்த பச்சைக் கொழுந்தை மேல்மாடிகளில் பரப்பி, காற்றிலே வாட்டுவதற்காகவே அவை அவ்வாறு கட்டப்பட்டன. வாடிய கொழுந்து கீழே வந்து உருட்டப்பட்டு, நொதிக்கவிடப்பட்டு, சூட்டில் உலர்த்தப்பட்டு, அரிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகிறது. ஒரு கிலோகிராம் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம் பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கையாலே கிள்ளி அத்தனை கொழுந்தையும் சேர்க்க வேண்டும் என்பதை எண்ணினால், கோப்பைத் தேநீரின் கணக்கு வேறாகத் தோன்றும்.

பயணி வியந்து நோக்கும் பச்சைக் கம்பளம் இயற்கையாக விரிந்ததன்று. தன் போக்கில் விட்டால் தேயிலை மரமாக உயர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாரத்துக்கொரு முறையளவில் கொழுந்தெடுத்து, இடுப்பளவில் நிறுத்துவதாலேயே மலைமுகம் அவ்வாறு சமனாகத் தோன்றுகிறது. மழைநீர் மண்ணை அரிக்காதபடி கான்கள் வெட்டினர். கற்களை அடுக்கி அணைகள் கட்டினர். இவையனைத்தும் கையால் ஆனவை.

அந்தக் கைகள் வந்த வரலாறு கோப்பியோடு தொடங்குகிறது. 1820களில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கினர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடாக மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். கோப்பி ஆண்டுக்கொரு முறை காய்ப்பதாதலால், பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. 1867இலேயே யேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் மலையிலேயே தங்கின. அவர்களுக்கென வரிசையாகக் கட்டப்பட்ட சிற்றறைகளே லயங்கள். பயிரின் தன்மை மாறியதால் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வே மாறியது.

அடுத்து நுவரெலியா. 1,868 மீற்றர் உயரத்தில், இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுறுதாலகாலையின் அடியில் அமைந்த நகரம் இது. வைத்தியர் யோன் டேவி இச்சமவெளியைப் பற்றி எழுதியபின் ஆங்கிலேயர் கவனம் இதன்மேல் விழுந்தது. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் இங்கே மாளிகை அமைத்தார். வெப்பத்தால் நலிந்த படைவீரர் உடல் தேறுவதற்குரிய இடமாயிற்று. 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் என்பார் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டுவந்து பண்ணை அமைத்தார். 1870களில் தேசாதிபதி கிறகரியின் காலத்தில் ஏரி உருவானது. குதிரைப் பந்தயத் திடலும் கொல்ஃப் விளையாட்டுத் திடலும் தொடர்ந்தன. சராசரி வெப்பநிலை பதினாறு பாகை சென்ரிகிரேட் அளவில் நிற்கும் இந்நகரில், ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்மீது உறைபனி படிவதுண்டு. கரட், லீக்ஸ், பீற்றூட், கோவா, உருளைக்கிழங்கு ஆகியன செழித்து விளைகின்றன.

ஏப்ரல் மாத வசந்தகாலக் கொண்டாட்டத்தில் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் காண விரும்புவோர் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அமைதியை விரும்புவோர் பெப்ரவரியிலோ மார்ச் முற்பகுதியிலோ செல்வது மேல். நகருக்குத் தென்கிழக்கே, சீதாபிராட்டி சிறையிருந்த அசோகவனம் எனப் பக்தர் கருதும் சீத்தாஎலியாவில் அம்மன் கோயில் ஓடைக்கரையில் நிற்கிறது. அதற்கு அப்பால் 1861இல் சிங்கோனாப் பயிருக்கென நிறுவப்பட்ட ஹக்கலைத் தாவரவியற் பூங்கா உள்ளது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் மரத்துக்காகத் தோன்றிய தோட்டம் பின்னர் மலர்ச் சோலையாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலே, ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் ஹோட்டன் சமவெளி பரந்திருக்கிறது. இங்கே தேயிலை ஏறவில்லை. 1873இல் தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது விடவேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டமை இதற்கொரு காரணம். மகாவலி, களனி, வளவை ஆகிய நதிகளின் தலைநீர் இவ்வுயர்நிலத்திலிருந்தே பிறக்கிறது. 1988இல் இது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளுடன் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. புல்வெளியில் மரைகள் மேய்வதையும், எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் உலகமுடிவு என்னும் பாறை விளிம்பையும் காணலாம். முற்பகலிலேயே மூடுபனி எழுந்து பள்ளத்தை மறைத்துவிடுமாதலால், விடியுமுன் புறப்படுவது அவசியம்.

அண்மைக் காலத்தில் மலைநாட்டு உல்லாசப் பயணம் புதிய வடிவம் பெற்றுள்ளது. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல விடுதிகளாகிவிட்டன. கந்தப்பளையிலே, மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் விருந்தினர் விடுதியாகியது. அத்தகைய விடுதியின் சாளரத்திலிருந்து நோக்குபவருக்கு எதிர்ச்சரிவில் லயங்களின் தகரக் கூரைகளும் தெரியும். அழகிய காட்சியின் பகுதியாக அவை தோன்றலாம். அக்கூரைகளின் கீழ் வாழ்வோரின் முன்னோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர் என்பதையும் பயணி அறிதல் வேண்டும். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை உரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் அழுகைக் கோச்சி. இன்று பயணிகள் வாயிற்படியில் நின்று படம் எடுக்கும் அதே பாதையில், தாயும் மகளும், அண்ணனும் தம்பியும் பிரிந்து சென்றனர். எஞ்சியோரின் உரிமைக் கேள்வி 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. நிலத்துக்கும் தனி வீட்டுக்குமான கேள்வி இன்னும் முற்றாகத் தீரவில்லை. செங்குத்தான சரிவுகளிலுள்ள லயங்களுக்கு ஒவ்வொரு பெருமழையும் அச்சத்தைக் கொண்டுவருகிறது.

இம்மலைநாட்டில் இன்று இரு நடைபயணங்கள் பேசப்படுகின்றன. ஒன்று பீக்கோ நடைபாதை. கண்டிக்கு அருகே தொடங்கி, அட்டன், ஊவா மலைகளைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் இப்பாதை 22 பகுதிகளாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. கொழுந்து சுமந்தோர் காலடியால் உண்டான தோட்டப் பாதைகளே இதில் பெரும்பாலும் இணைக்கப்பட்டுள்ளன. மற்றையது 2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்த நடை. முன்னது மகிழ்ச்சிக்காக நடப்பது. பின்னது நினைவுக்காக நடந்தது. முதற் பாதையில் நடப்பவர் இரண்டாவதையும் அறிந்திருப்பாராயின், அவர் காணும் மலை வேறாக இருக்கும்.

ஆகவே, மலைநாட்டுக்குச் செல்வோர் சிலவற்றை மனத்தில் இருத்துவது தகும். கொழுந்தெடுக்கும் பெண்களைப் படமெடுக்குமுன் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்பது பண்பு. அவர்கள் நிறைக்காகக் கொழுந்தெடுப்பவர்கள், இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் கணக்கில் விழும். லயத்து வாசல் ஒரு குடும்பத்தின் முற்றம். அழைப்பின்றி நுழைதல் ஆகாது. அழைத்தாலோ மறுக்காது செல்வதே மரியாதை. தேயிலையின் தாயகத்தில் பால் கலவாத சாயத் தேநீரும் ஒரு துண்டு சர்க்கரையும் கொடுத்து உபசரிப்பர். அந்தக் கோப்பையைக் கையில் ஏந்தி, எதிரே மூடுபனி விலகும் சரிவை நோக்கியபடி, மலையின் பெயரை அவ்வீட்டாரிடமே கேட்டறிந்து திரும்பும் பயணி, மலைநாட்டைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுடையவராவார்.